அனங்கிய பந்து

நான் அவரை முதன்முதலாகப் பார்த்தபோது அவர் ஒரு வெள்ளைப் பந்தைக் கத்தியால் பிளந்துகொண்டிருந்தார். மலைமேல் இருந்த தோட்டத் துரைமார் கிளப்பில் நான் கணக்கும் கடிதமும் எழுதும் ரைட்டர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அது. கீரிப்பாறை வரை மாட்டு வண்டியிலும் அதற்குமேல் நடந்தும் ஏறியதில் செருப்பு அறுந்திருந்தது. அட்டை கடித்த இடத்திலிருந்து ரத்தம் பாதம்வரை வழிந்திருந்தது. கிளப்பின் பின்பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதன் வாசலில் ஒரு பலகைமேல் அமர்ந்து அவர் பந்தின் மேல்தோலை உரித்தார். உள்ளேயிருந்து மெல்லிய ரப்பர் நூல் உயிருள்ள ஏதோ ஒன்றைப்போலத் துள்ளித் துள்ளி அவிழ்ந்தது. முழம் முழமாக வந்துகொண்டே இருந்தது. நான் அட்டையை மறந்து பார்த்தபடி நின்றேன். அவர் நிமிர்ந்து என் காலைப் பார்த்தார். மடியிலிருந்து புகையிலையும் சுண்ணாம்பும் எடுத்துக் கசக்கி நீட்டினார். "இத வச்சுத் தேயும். புது ரைட்டருதானே?" என்றார். பிறகு அந்த நூலைத் தூக்கிக் காட்டினார். "இது நம்ம மரத்துக்க பாலாக்கும் ரைட்டரே. இஞ்சயிருந்து கப்பலேறிப் போயி, பந்தாட்டு திரும்பி வந்திருக்கு."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் பின்பாதி அது. கிளப்பின் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே கோல்ஃப் புரபஷனல் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்டவர் என்று பொருள். ஆனால் துரைமாரும் கூலிக்காரர்களும் ஒன்றுபோல மார்க்கர் என்றுதான் கூப்பிட்டார்கள். துரைமாருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பது, உடைந்த மட்டைகளைச் செப்பனிடுவது, ஒன்பது குழிகள் கொண்ட அந்த மைதானத்தைக் காடு விழுங்கிவிடாமல் காப்பது, எல்லாம் அவர் வேலை. அவர் அருமனைப் பக்கத்துக்காரர், மிஷன் சபையைச் சேர்ந்தவர். நான் பூதப்பாண்டியில் வயலும் வரப்புமாக வளர்ந்தவன். பள்ளிக்கூடப் பரீட்சை தேறியிருந்த ஒரே காரணத்தால் எனக்குக் கிளப்புக்குள் ஒரு நாற்காலியும் மேசையும் கிடைத்தன. என்னைவிடப் பத்து வயது மூத்தவரும் அந்த மலையிலேயே பெரிய ஆட்டக்காரருமான அவர், என்னிடம் ஒரு கடிதம் எழுதச் சொல்ல வேண்டுமென்றாலும் சன்னலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். கிளப்பின் விதி அது. அதை விசித்திரமாக நினைக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அவருடைய வீட்டில் முதன்முதலாகக் கருப்பட்டிக் காப்பி வாங்கிக் குடிக்க நான் தயங்கியதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் அதைக் கவனித்தார். அடுத்த முறையும் கொடுத்தார்.

மைதானத்துக்காகக் காட்டை வெட்டிய கூலிகளில் அவருடைய அப்பாவும் ஒருவர். அப்பாவோடு மலையேறி வந்தவர் துரைமாரின் பைகளைச் சுமந்தார். பிறகு யாரோ வீசியெறிந்த ஓர் இரும்பு மட்டையின் தலையை எடுத்து அதற்குக் காட்டுக் கம்பு ஒன்றைப் பொருத்திக்கொண்டார். பந்து கிடைக்காது. ரப்பர் மரங்கள் காய் வெடிக்கும் பருவத்தில் வழுவழுப்பான கொட்டைகள் தரையெங்கும் சிதறிக் கிடக்குமே, அவற்றை அடித்து அடித்துப் பழகினார். பந்தைவிடச் சிறியது, உருண்டையும் இல்லை. அதைச் சரியாக அடிக்கத் தெரிந்தவருக்குப் பந்து பூசணிக்காய் மாதிரித் தெரிந்ததாம். அவருக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. துரைமார் எங்கே தவறுகிறார்கள் என்று பைக்குப் பின்னால் நின்று பார்த்தே பாதி ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன் என்று சொல்லியிருக்கிறார். இருபத்தைந்து வயதுக்குள் அந்த மலையில் அவரை வெல்ல எந்தத் துரையும் இல்லை.

அவர் ஆடுவதை நான் நூறு முறையாவது பார்த்திருப்பேன். காக்கி அரைக்கால் சட்டை, வெறுங்கால். ஈர மணலை ஒரு சிட்டிகை எடுத்துக் குவித்து அதன்மேல் பந்தை வைப்பார். ஒரு தரம் கொடிக்கம்பைப் பார்ப்பார், ஒரு தரம் மரங்களின் உச்சியைப் பார்ப்பார். பிறகு உடம்பு முழுவதும் அடங்கிவிடும். வேட்டைக்குப் போகிறவர்கள் மூச்சை அடக்குவதுபோல அல்ல. பிரசங்கம் முடிந்து சபை முழுவதும் தலை குனியும்போது ஓர் அமைதி வருமே, அதைப்போல. மட்டை மேலே போவது தெரியும், இறங்குவது தெரியாது. பந்து பள்ளத்தாக்கின்மேல் எழுந்து, காற்றில் கொஞ்சம் யோசித்து, தான் விழ வேண்டிய இடத்தில் விழும். எங்கள் மலையில் குழியைச் சுற்றிப் புல் பிடிக்காது. ஆற்று மணலில் எண்ணெய் கலந்து வட்டமாகப் பரப்பி வைத்திருப்பார்கள். அந்தப் பழுப்பு மணலில் அவர் பந்தை உருட்டிவிட்டால் அது போன தடம் கோடு இழுத்ததுபோல நேராக இருக்கும்.

வருடத்தில் ஒன்றிரண்டு முறை வேறு மலைகளிலுள்ள கிளப்புகளில் புரபஷனல்களுக்கென்று போட்டி நடக்கும். கிளப்பின் செயலாளரான துரை அனுமதி கொடுத்தால் போவார். அதற்கான கடிதங்களை நான்தான் எழுதினேன். இரண்டு போட்டிகளில் வென்றார். ஒரு தடவை ஆங்கிலப் பத்திரிகையில் நான்கு வரி வந்தது. அதில் அவருடைய பெயர் இல்லை. இன்ன கிளப்பின் மார்க்கர் என்று மட்டும் இருந்தது. அதை நான் அவருடைய வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துத் தமிழில் சொன்னேன். அவருடைய மனைவி, நான் மைனி என்று கூப்பிடுவேன், நாற்றங்காலில் களை பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். மிஷன் பள்ளியில் நாலு வகுப்பு படித்தவர். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, அந்தத் தாளை வாங்கி, தெரியாத எழுத்துகளின்மேல் விரலை வைத்து நகர்த்தினார். "பேரு எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அடுத்த தடவ வரும்," என்று அதை வேதப்புத்தகத்துக்குள் வைத்தார். இரண்டு ஆண் பிள்ளைகளையும் நாகர்கோவிலில் தங்கவைத்துப் படிக்கவைக்க வேண்டும், அவர்கள் ரப்பர்த் தோட்டத்துக்குள் காலடி வைக்கக் கூடாது என்பது மைனியின் தீர்மானம். கணவரின் ஆட்டம் அதற்கு வழி திறக்கும் என்று அவர் நம்பினார். அண்ணனைவிட அந்த ஆட்டத்தை அதிகமாக நம்பியவர் மைனிதான்.

அண்ணன் என்று எப்போது கூப்பிடத் தொடங்கினேன் என்று எனக்கு நினைவில்லை. அந்தப் பத்திரிகை வந்த சமயமாக இருக்கலாம்.

முப்பதுகள் தொடங்கியிருந்தன. தோட்டக் கம்பெனியின் முதலாளிகளில் ஒருவர் இங்கிலாந்திலிருந்து வந்து எங்கள் மலையில் ஒரு மாதம் தங்கினார். பெரிய துரை என்றோம். வயதானவர், ஆட்டத்தின்மேல் பித்துக் கொண்டவர். அண்ணனோடு தினமும் ஆடினார். அவரோடு விருந்தாளியாக ஓர் இளம் துரையும் வந்திருந்தார்; வடக்கே பெரிய நகரத்துக் கிளப்புகளில் பல கோப்பைகள் வாங்கியவர். ஒரு நாள் பெரிய துரை எல்லோருக்கும் முன்னால் ஒரு வார்த்தை சொன்னார். இந்த மார்க்கர் என் விருந்தாளியை வென்றுவிட்டால், நான் திரும்பும்போது இவனைக் கப்பலில் கூட்டிக்கொண்டுபோவேன். அங்கே ஒரு கோடைக்காலம் முழுவதும் புரபஷனல்களோடு ஆடட்டும். குடும்பத்தைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும், பிள்ளைகளின் படிப்பும் கம்பெனியின் பொறுப்பு. செயலாளர் துரைக்கு அது பிடிக்கவில்லை என்பது அவர் மீசையைக் கடித்ததில் தெரிந்தது. ஆனால் முதலாளியை எதிர்த்துப் பேச அவரால் முடியாது.

செய்தியை நான் சொன்னபோது அண்ணன் மட்டையின் பிடிக்குத் தோல் சுற்றிக்கொண்டிருந்தார். கடைசிச் சுற்றை இழுத்துக் கட்டினார். "கடலுக்க அந்தப் பக்கம் மண்ணு எப்பிடி இருக்குமோ," என்றார். அவ்வளவுதான். மைனி அன்றைக்கே பிள்ளைகளுக்கு அளவெடுத்துச் சட்டை தைக்கச் சொல்லியிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஆட்டம் ஒரு சனிக்கிழமை. ஒன்பது குழிகளை இரண்டு சுற்று. குறைந்த அடிகளில் முடிப்பவர் வென்றவர். ஒவ்வொரு குழிக்கும் இருவருடைய அடிகளையும் அட்டையில் எழுதுவது என் வேலை. செயலாளர் துரை ஒரு புதுப் பென்சிலைச் சீவி என் கையில் கொடுத்தார். தோட்டத்தில் அரைநாள் விடுப்பு விட்டிருந்தார்கள். பால் வெட்டுகிறவர்கள், களை பறிக்கும் பெண்கள், கங்காணிமார் எல்லோரும் காட்டோரமாக நின்றார்கள். கை தட்டக் கூடாது என்று சொல்லியிருந்ததால் ஒருவரும் தட்டவில்லை. அண்ணன் நல்ல அடி அடிக்கும்போதெல்லாம் அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு மட்டும் எழுந்தது. முதல் சுற்றில் அண்ணன் இரண்டு அடி முன்னால் நின்றார். இரண்டாம் சுற்றில் விருந்தாளித் துரை விடவில்லை. அவர் சாமானிய ஆட்டக்காரர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்தாம் குழி முடிந்தபோது அண்ணனின் முன்னிலை ஓர் அடியாகச் சுருங்கியிருந்தது.

ஆறாம் குழிக்கு அடிக்கும்போது துரையின் பந்து சரிவில் இறங்கிப் பெரணிப் புதருக்குள் போய்விட்டது. மற்றவர்கள் எல்லோரும் மேட்டுப் பாதையைச் சுற்றி நடந்தார்கள். அடி எண்ண வேண்டியவன் ஆதலால் நான் துரைக்குப் பின்னால் சரிவில் இறங்கினேன். அவர் பையைச் சுமந்தவன் எங்களுக்கு வெகு பின்னால் வழுக்கி வழுக்கி வந்துகொண்டிருந்தான். பந்து ஒரு வேருக்குப் பின்னால் ஒட்டிக் கிடந்தது. அங்கிருந்து அதை அடிக்கவே முடியாது. துரை இடுப்பில் கை வைத்து ஒரு கணம் நின்றார். பிறகு பூட்ஸின் ஓரத்தால், வழியில் கிடக்கும் கல்லைத் தள்ளுவதுபோல, பந்தை ஒரு சாண் தள்ளினார். வேரை விட்டு வெளியே வந்து பந்து வெறுந்தரையில் நின்றது. அவர் நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார். பதறவில்லை. மிரட்டவும் இல்லை. பக்கத்தில் நிற்கும் மரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு அடிக்கத் திரும்பினார். அருமையான அடி. பந்து மரங்களுக்கிடையே புகுந்து வட்டத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. மேட்டிலிருந்த துரைமார் கை தட்டினார்கள். அந்தக் குழியில் இருவருக்கும் ஒரே கணக்கு என்று எழுதினேன். ஆட்டச் சட்டப்படி, வேண்டுமென்றே பந்தைத் தள்ளியதற்காக அவர் கணக்கில் இரண்டு தண்டனை அடி ஏறியிருக்க வேண்டும். எனக்குத் தெரியும். ஆட்டத்தின் சட்டப் புத்தகத்தை அண்ணனுக்காகத் தமிழில் வாசித்துச் சொன்னவனே நான்தான். ஒரு கணமும் தயங்காமல் எழுதினேன். அதுதான் இன்றுவரை என்னால் புரிந்துகொள்ள முடியாதது.

எட்டாம் குழி ரப்பர் மரங்களை ஒட்டியது. அண்ணனின் பந்து காய்ந்த இலைகளின்மேல் நின்றது. இன்னும் ஓர் அடி முன்னிலை. நான் பத்தடி தள்ளி நின்றேன். அவர் மட்டையைப் பந்துக்குப் பின்னால் மெதுவாக ஊன்றினார். வழக்கமான அந்த அமைதிக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. அவர் மட்டையை எடுத்துவிட்டுப் பின்வாங்கிக் கையை உயர்த்தினார்.

"பந்து அனங்கிச்சு," என்றார்.

அசைந்தது என்பதற்கு அவர்கள் பக்கத்துச் சொல் அது. மட்டையை ஊன்றியபின் பந்து அசைந்துவிட்டால் ஆடுகிறவருக்கு ஓர் அடி தண்டனை. செயலாளர் துரை அருகே வந்தார். யாராவது பார்த்தீர்களா என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. விருந்தாளித் துரை சிரித்துக்கொண்டே, எனக்கு ஒன்றும் தெரியவில்லை, இலை அசைந்திருக்கும், அவனை ஆடச் சொல்லுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். அதைத் தமிழில் சொல்லும்படி செயலாளர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். சொல்லிவிட்டு என் பங்குக்குத் தாழ்ந்த குரலில், "அண்ணே, ஆரும் பாக்கல்ல. பேசாம ஆடும்," என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் பந்தையே பார்த்தார். "நான் கண்டேனே ரைட்டரே. ஒரு அடி கூட்டி எழுதும்."

எழுதினேன். காட்டோரத்தில் நின்றவர்களுக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. மைனி மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றது தெரிந்தது. எட்டாம் குழி முடிந்தபோது இருவரும் சமம். கடைசிக் குழியில் துரை நாலு அடியில் முடித்தார். அண்ணன் நாலாவது அடியாக உருட்டிவிட்ட பந்து குழியின் விளிம்பைச் சுற்றி வந்து வெளியே நின்றது. ஓர் அடியில் தோற்றார்.

ஆட்டம் முடிந்ததும் இருவரும் அட்டையில் கையெழுத்திட வேண்டும். அண்ணனுக்கு ஆங்கிலத்தில் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். அவர் அட்டையை வாங்கி, குழி குழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆறாம் கட்டத்தில் விரல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பென்சிலை நீட்டினேன். கையெழுத்திட்டார்.

அந்த மாலையில் கிளப் வராந்தாவில் நின்று பெரிய துரை பேசினார். தன் வாழ்நாளில் இப்படி ஒரு நேர்மையைக் கண்டதில்லை என்றார். படியிறங்கி வந்து கீழே நின்றிருந்த அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு துரை ஒரு கூலியின் மகனுக்குக் கை கொடுத்ததை அந்த மலையில் அன்று ஒரு நாள்தான் பார்த்தேன். விருந்தாளித் துரையும் கை தட்டினார். மறுவாரம் அவர்கள் கிளம்பிப் போனார்கள். கப்பலைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை.

ஆட்டத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சபையிலிருந்து வந்துகொண்டிருந்த மைனியை ஓடைக்கரையில் பார்த்தேன். பிள்ளைகள் புதுச் சட்டை போட்டிருந்தார்கள். மைனி அழவில்லை. "ஆரும் காணாத்தது இவருக்கு மட்டும் தெரிஞ்சுதாம்," என்றார். "ஒரு நெல்லுமணி அளவுக்கு அனங்கினதுக்கு எனக்க பிள்ளியளுக்க வாழ்வக் குடுத்திட்டு வந்திருக்காரு. அந்தத் துரையே ஆடுன்னு சொன்னாராமே. நல்ல மனுசன்." நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடையைக் கடந்தேன். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். எனக்கு ஊரில் அம்மாவும் கல்யாணமாகாத இரண்டு தங்கைகளும் இருந்தார்கள் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் வெறும் சௌகரியமான உண்மை.

இரண்டு மூன்று வருடங்களில் ரப்பர் விலை அடியோடு விழுந்தது. பல தோட்டங்களில் மரங்களில் பால் வெட்டாமல் விட்டார்கள். கூலிகள் மலையிறங்கினார்கள். துரைமார் ஒவ்வொருவராகப் போனார்கள், கிளப்பை மூடினார்கள். கடைசி நாள் உச்சிவேளையில் தகரக் கொட்டகைக்குப் போனேன். அண்ணன் மட்டைகளுக்கு எண்ணெய் பூசிச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். வெளியே, ஆள் நடமாட்டமில்லாத மைதானத்தில் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. இனி நான் இழக்க வேலை இல்லை என்ற தைரியத்தில்தான் பேசினேன் என்பதை மறைக்கப் போவதில்லை. ஆறாம் குழியில் நான் கண்டதைச் சொன்னேன்.

அவர் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே கேட்டார். முடிச்சைப் போட்டுவிட்டு, "தெரியும்," என்றார். "மேட்டுலருந்து பந்து எங்க போயி நின்னுதுன்னு கண்டேன். அங்கேந்து அப்பிடி ஒரு அடி கர்த்தரே வந்தாலும் அடிக்க முடியாது."

"பின்னே ஏன் அண்ணே நீரு சொல்லல்ல?"

"தள்ளினத நான் காணல்லியே. காணாத்தத எப்பிடிப் பறைய? எனக்க பந்துக்கு நான் சொல்லணும், சொன்னேன். அவருக்க பந்துக்கு அவரு சொல்லணும். அவரு சொல்லாட்டா..." அவர் நிறுத்தினார். முதன்முறையாக அவர் குரலில் ஒரு கடினம் வந்தது. "நீருதான் சொல்லணும். பென்சில் உமக்க கையில அல்லியா இருந்துது?"

கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். மன்னித்திருந்தாலும் தாங்கியிருப்பேன். அவர் இரண்டும் செய்யவில்லை. ஒரு குழியின் தூரத்தைச் சொல்வதுபோல உள்ளதைச் சொன்னார். மைனியிடமாவது நான் போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டேன். சாக்கைச் சுவரோடு சாய்த்துவைத்தார். "இப்ப வேண்டாம். அவ நேரே செக்ரட்டரி பங்களாவுக்குப் போயி நிப்பா. உமக்கு அடுத்த வேலைக்கு அந்தாளுட்ட நற்சாட்சிக் கடுதாசி வாங்கண்டாமா? அது வரட்டு." நான் தலையாட்டினேன். கடிதம் வந்தது. அதைக் காட்டி நாகர்கோவிலில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எனக்கு வேலையும் கிடைத்தது. அதன்பிறகும் நான் அருமனைக்குப் போகவில்லை. இன்று போகலாம், அடுத்த பண்டிகைக்குப் போகலாம் என்று வருடங்கள் ஓடின.

அண்ணனுக்கு வடக்கே தேயிலை மலை ஒன்றின் கிளப்பில் புரபஷனல் வேலை கிடைத்தது. குடும்பத்தை அருமனையில் விட்டுவிட்டுத் தனியே போனார். அங்கே குழியைச் சுற்றி உண்மையான புல் இருக்கிறது, பனிக்காலத்தில் பந்து வேகமாக ஓடுவதில்லை என்று யாரையோ கொண்டு எனக்கு ஒரு கடிதம் எழுதுவித்தார். நாற்பதை நெருங்கும் வயதில், அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்களோடு ஆடி, புரபஷனல்களுக்கான போட்டி ஒன்றில் வென்றார். அதைப் பள்ளிக்கு வந்த பத்திரிகையில் பார்த்தேன். இந்த முறை அவர் பெயரைப் போட்டிருந்தார்கள். ஓர் எழுத்துகூடப் பிழையில்லை. நான் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டேன். மைனி பார்த்திருக்க மாட்டார் என்று தெரிந்தும், தபாலில்கூட அனுப்பவில்லை. அனுப்பினால் கூடவே வேறொன்றையும் எழுத வேண்டியிருக்கும்.

முப்பதுகள் முடியும் தறுவாயில் ஒரு தபால் அட்டை வந்தது. மூத்த மகன் எழுதியிருந்தான். மலைக்காய்ச்சலோடு ஊருக்கு வந்த அப்பா ஒன்பதாம் நாள் இறந்துவிட்டார், அடக்கம் முடிந்துவிட்டது என்று. மறுநாள் முதல் பஸ்ஸில் அருமனைக்குப் போனேன். தென்னந்தோப்புக்கு நடுவே ஓட்டு வீடு. மைனி அடுக்களை வாசலில் இருந்து மரச்சீனிக் கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தார். முடி பாதி வெளுத்திருந்தது. "ரைட்டரா? இரியும்," என்றார். துக்கம் கேட்க வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி வழக்கமாகிப்போன குரலில் காய்ச்சலின் ஒவ்வொரு நாளையும் சொன்னார். பிறகு அவராகவே சொன்னார். "வருசத்துக்கு ரெண்டு தடவ வருவாரு. பிள்ளியளுக்கிட்ட எல்லாம் பேசுவாரு. எங்கிட்டயும் நல்லாட்டுதான் இருந்தாரு. அந்த ஆட்டத்தப் பற்றி மட்டும் நான் மிண்ட விட்டதில்ல. வாயெடுத்தா எழும்பிப் போயிருவேன்."

நான் அப்போது சொன்னேன். பெரணிப் புதர், வேர், பூட்ஸ், அட்டை, பென்சில் எல்லாவற்றையும். எதையும் எனக்குச் சாதகமாக மாற்றவில்லை என்றுதான் நினைக்கிறேன். மைனி சீவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்ப அவரு தோக்கல்லியா?"

"இல்ல மைனி."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா எங்கிட்ட மிண்டாம இருந்தாரு?"

நற்சாட்சிக் கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். மைனி கத்தியையும் கிழங்கையும் கீழே வைத்தார். தோப்பில் யாரோ தேங்காய் வெட்டிப் போடும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

"அந்தக் கப்பு ஜெயிச்சிட்டு வந்தாரே, அன்னைக்கு இந்த வாசல்லதான் நின்னாரு. பையகூட எறக்கல்ல. ஏட்டி, ஒரு காரியம் கேளுன்னாரு. எனக்கு மொகத்தப் பாத்ததுமே தெரிஞ்சுப்போச்சு, ஆட்டத்தப் பற்றித்தான்னு. நான் கேக்கல்ல. உள்ள போயி அடுப்ப ஊதிட்டிருந்தேன். கொஞ்ச நேரம் நின்னுட்டுக் குளிக்கப் போயிட்டாரு." என்னை நேராகப் பார்த்தார். "அதுக்கு முன்ன நீரு வந்து இதச் சொல்லியிருந்தா, நான் கேட்டிருப்பேன் ரைட்டரே."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்ற சொல்லை வழி முழுவதும் தயார்செய்து கொண்டுவந்திருந்தேன். அதைச் சொல்ல அங்கே இடமில்லை. மைனி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு தோப்பைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார். "ஏலே மக்கா, இஞ்ச வா." மூத்தவன் அரிவாளோடு வந்தான். அப்பாவின் அதே தோள்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தோட்டவேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். "இரி," என்றார் மைனி. "ரைட்டரு உனக்க அப்பாவப் பற்றி ஒரு காரியம் சொல்லுவாரு. முழுசும் கேளு." என் பக்கம் திரும்பி, "சொல்லும்," என்றார்.

சொன்னேன். அண்ணனிடம் ஒரு முறை, மைனியிடம் ஒரு முறை, அந்த இளைஞனின் முகத்துக்கு நேரே மூன்றாம் முறை. அவன் கடைசிவரை கேட்டுவிட்டு எழுந்து அரிவாளோடு தோப்புக்குள் போனான். இன்று அந்த மலையில் மைதானம் இருந்த சரிவெல்லாம் மறுபடி ரப்பர் நிற்கிறது. அங்கே ஆடியவர்களில் யாரும் உயிரோடு இல்லை, மைனியும் போய்விட்டார். இந்தப் பக்கங்களைப் படித்து என்னை வேலையை விட்டு நீக்க ஒருவரும் இல்லாத வயதில் இருந்து எழுதுகிறேன். இது நான்காம் முறை. சொல்லச் சொல்ல எளிதாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை.